ஆடிய மச்சுப்படி: பழுது எங்கே இருந்தது, எப்படிச் சரிசெய்தோம்

அத்தை மச்சுக்கு ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று பேச்சுவாக்கில் தெரிந்தபோதுதான் அந்தப் படியை நான் உட்கார்ந்து பார்த்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு. ரேழி, முற்றம், கூடம், கூடத்தின் ஓரத்தில் மச்சுக்குப் போகும் தேக்குப் படி. ஊறுகாய்ச் சாடியும் பித்தளைப் பாத்திரங்களும் மேலே இருக்கின்றன. வடாம் காயவைக்கும் மொட்டைமாடிக்கும் அந்த வழிதான். அத்தைக்கு வயது 71. முழங்கால் வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். “முழங்கால் இல்லையப்பா, படி என்னைத் தள்ளுகிறது” என்றார்.

அவர் சொன்னது மிகைப்பேச்சு இல்லை. ஏழாம் படியில் கால் வைத்தால், முற்றத்தைப் பார்த்த பக்கம் படி முழுவதும் அசைந்தது. நாலாம் படியில் கிறீச்சென்று சத்தம் வந்தது. கீழே இறங்கும்போது கடைசிப் படியில் கால் எதிர்பாராமல் தரையில் இடித்தது. மூன்றும் வெவ்வேறு குறைகள் என்று வீட்டில் எண்ணியிருந்தார்கள். மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள் வந்து வெவ்வேறு வைத்தியம் செய்திருந்தார்கள். நாலாம் படியில் ஆறு ஆணிகள். ஏழாம் படிக்கு அடியில் இரும்புக் கோணம் ஒன்று. பாதத்தைச் சுற்றிச் சிமெண்டு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சில மாதம் ஆட்டம் குறைந்து, முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பியது.

நான் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறவன். காங்கிரீட் படியின் கணக்கு எனக்குத் தெரியும். மரப்படிக்கு, பழைய வீடுகளில் வேலை செய்த தச்சர் ஒருவரை அழைத்துவந்தேன். இந்த விவரத்தில் உள்ள நல்ல முடிவுகளில் பாதிக்கு மேல் அவருடையவை.

படியின் அமைப்பு

இரண்டு பக்கப் பலகைகள். ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம், 1¾ அங்குலத் தடிமன், ஏறத்தாழ 13 அடி நீளம். இரண்டுக்கும் நடுவே 12 படிப்பலகைகள். பதின்மூன்றாவது காலடி மச்சுத் தளம். பக்கப் பலகைகளின் உட்புறத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, அதற்குள் படிப்பலகையின் முனையைச் செருகி, பின்பக்கத்திலிருந்து அடியில் ஆப்பு அடித்திருந்தார்கள். ஆப்பு இறுக இறுகப் பலகை காடியின் மேல்விளிம்போடு ஒட்டும். ஆணியே தேவைப்படாத வேலை. சுவர்ப் பக்கத்துப் பலகை சுவரோடு ஒட்டாமல், ஈரம் ஏறாதபடி இரண்டு அங்குலம் தள்ளி, மரக்கட்டைகள் கொடுத்துப் பொருத்தப்பட்டிருந்தது. மேல்முனைகள் இரண்டும் இரும்புப் பட்டைகளால் மச்சு உத்திரத்தில் மாட்டப்பட்டிருந்தன.

படியின் செங்குத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியின் உயரமும் 8¾ அங்குலம், அதாவது 222 மில்லிமீட்டர். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் முன்பின்னாக 8 அங்குலம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 190 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தையும் 250-க்குக் குறைந்த மிதி அகலத்தையும் ஏற்பதில்லை. இந்த அளவில் இன்று யாரும் புதிதாகப் படி கட்டக் கூடாது. இருக்கிற இடத்தில் இதை நீட்டிப் படுக்கவைக்கவும் முடியாது. அப்படியிருக்க, செங்குத்தான படி ஆடாமலாவது நிற்க வேண்டும்.

எங்கே அசைகிறது?

தச்சர் வந்த அன்று சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கடலைமிட்டாய் சுற்றிவரும் மெல்லிய காகிதம் கேட்டார். அதைப் பட்டைகளாகக் கிழித்து, சோற்றுப்பசையால் ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் ஒட்டினோம்: படிப்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே, உத்திரத்துக்கும் மேல்முனைக்கும் நடுவே, பாதத்துக்கும் தரைக்கும் நடுவே. காய்ந்த பிறகு என்னை மெதுவாக மேலே போய் வரச் சொன்னார். அவர் டார்ச் விளக்கோடு படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கியபோது சுவர்ப் பக்கத்தில் ஒரு காகிதமும் கிழியவில்லை. முற்றத்துப் பக்கத்தில் பன்னிரண்டில் ஒன்பது கிழிந்திருந்தன. மேலே பட்டைக்கு அருகிலும் கிழிந்திருந்தது. பாதத்தில் மட்டும் கிழியவில்லை.

பாதம் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. “அசையாததெல்லாம் நல்லது ஆகிவிடாது தம்பி” என்றார் அவர். “ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.”

வைத்தேன். பன்னிரண்டாம் பலகை மட்டமாக இருந்தது. ஏழாவது, முற்றத்துப் பக்கம் இரண்டு நூல் தாழ்ந்திருந்தது. முதலாவது நாலு நூல். தச்சர்களின் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் அரை அங்குலம். மேலிருந்து கீழே வரவரத் தாழ்வு ஒரே சீராகக் கூடுகிறது என்றால் ஒரே விளக்கம்தான் உண்டு: முற்றத்துப் பக்கத்துப் பலகையின் பாதம் இறங்கியிருக்கிறது. சுற்றியிருந்த சிமெண்டு அது அசைவதை மறைத்திருந்தது. ஒரு திருப்புளியைப் பாதத்துக்கு மேல் ஓரிடத்தில் வைத்து அழுத்தினேன். உட்புறத்தில் தடையே இல்லாமல் ஆழமாக இறங்கியது.

அடுத்து முற்றத்துப் பக்கத்துப் பலகையின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நூற்கயிற்றை இழுத்துப் பிடித்தோம். பலகை நடுவில் மூன்று நூல் வெளியே வளைந்திருந்தது. காடியின் ஆழமே நாலு நூல். அப்படியென்றால் நடுப் படிகள் அந்தப் பக்கம் ஒரு நூல் விளிம்பில், மூன்று மில்லிமீட்டரில், உட்கார்ந்திருந்தன. இதைக் கணக்குப் போட்டதும் எனக்குக் கை சில்லென்றது. இந்தப் படியில் தீபாவளிக்குத் தீபாவளி குழந்தைகள் ஓடி ஏறியிருக்கிறார்கள். அன்றே படியின் குறுக்கே கயிறு கட்டி வழியை மூடினோம்.

ஒரு புகைப்படம் சொன்னது

காடியிலிருந்து பலகை இப்படி விலகுவதற்குக் காரணம் பிடிபடவில்லை. ஆப்பு மேலும் கீழும் இறுக்கும். பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேறு ஏதாவது இருந்திருக்க வேண்டும். தச்சர் பலகையின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார். இரண்டாம், ஆறாம், பத்தாம் படிகளுக்கு நேரே பெயிண்டுக்கு அடியில் சதுரமான தடம் தெரிந்தது. சுரண்டினால், பலகையின் மட்டத்தோடு அறுக்கப்பட்ட கழுந்து முனைகள். கழுந்து என்பது படிப்பலகையின் நுனியிலிருந்து பக்கப் பலகையை ஊடுருவி வெளியே வரும் மரநாக்கு.

அத்தை பீரோவிலிருந்து 1974-இல் எடுத்த தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். பின்னணியில் படி. மூன்று கழுந்துகளும் பலகைக்கு வெளியே இரண்டு அங்குலம் நீண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஓர் ஆப்பு. அந்த மூன்று படிப்பலகைகள்தான் இரண்டு பக்கங்களையும் கட்டிப் பிடித்த கச்சைகள். பின்னாளில் இரும்பு பீரோவைப் படியை ஒட்டி நிறுத்துவதற்காக யாரோ நீட்டிக்கொண்டிருந்த முனைகளை அறுத்துவிட்டார்கள். அறுத்தவருக்கு அது அலங்காரமாகத் தெரிந்திருக்கும். ஆப்பு போனதும் கழுந்து வெறும் செருகலாகிவிட்டது.

அதே படத்தில் இன்னொன்றும் இருந்தது. படியின் பாதம் தரையில் இல்லை. தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தெரியும் ஒரு கருங்கல்லின் மீது நின்றது. மரத்தைத் தரையின் ஈரம் தொடக் கூடாது என்று வைத்த பாதக்கல். பிற்காலத்தில் பழைய தரைக்கு மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியபோது தரை இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்து, கல் புதைந்துபோனது. மரத்தைச் சுற்றிக் கலவை நிரம்பியது. தினமும் கூடத்தைத் துடைக்கும் தண்ணீர் அந்த ஓரத்தில் தேங்கி, மரத்தின் முனை வழியாக ஏறியது. மரம் தன் இழைமுனை, அதாவது இழைகள் வெட்டுப்பட்டு முடியும் முகம், வழியாகத்தான் தண்ணீரை அதிகமாக உறிஞ்சும். ஈரம் வந்த இடத்துக்குக் கரையான் வந்தது. தேக்கைக் கரையான் தொடாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. தேக்கின் வைரப்பகுதி வெகுகாலம் தாங்கும் என்பது உண்மை. வெளிறு எனப்படும் வெளிப்பகுதிக்கு அந்த வலு இல்லை. வருடக்கணக்கில் ஈரத்தில் ஊறிய வைரமும் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும்.

கடைசிப் படியில் கால் இடித்ததற்கும் காரணம் இதுதான். தரை உயர்ந்ததால் மற்றப் படிகள் 8¾ அங்குலமாக இருக்க, முதல் படி மட்டும் 6½ அங்குலம் ஆகிவிட்டது. இறங்கும் கால் பழகிய ஆழத்தைத் தேடுகிறது, தரை முன்பே வந்துவிடுகிறது.

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வந்தது. பாதம் அழுகி இறங்கியது. அந்தப் பக்கத்து எடை கீழே தாங்குவாரின்றி மேலே இரும்புப் பட்டையில் தொங்கியது; பட்டையின் ஆணித்துளைகள் நீண்டன. கட்டிப்பிடிக்கக் கழுந்து இல்லாததால் ஒவ்வொரு மிதிக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. நாலாம் படியில் வந்த சத்தம், ஆறு ஆணிகளும் தங்கள் துளைகளுக்குள் உரசிய சத்தம். அவை பக்கப் பலகை வழியாகப் படிப்பலகையின் இழைமுனைக்குள் அடிக்கப்பட்டவை. இழைமுனையில் ஆணிக்குப் பிடிப்பே குறைவு. போதாததற்குப் பலகையின் நுனியைப் பிளந்தும் விட்டன.

வேலை

வரிசை முக்கியம். கீழிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் தச்சருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. பாதம் நிற்காமல் நடுவை இறுக்கினால், கோணலாக இருக்கிற படி கோணலாகவே இறுகும்.

முதலில் பக்கப் பலகைகளுக்கு அடியில் சவுக்கு முட்டுகள் கொடுத்தோம். தரையில் கனமான பலகை போட்டு, அதன்மேல் முட்டை நிறுத்தி, இரண்டு எதிரெதிர் ஆப்புகளால் இறுக்கினோம். முற்றத்துப் பக்கம் மட்டும் ஒரு கார் ஜாக்கி. பிறகு பாதத்தைச் சுற்றிய சிமெண்டைக் கையுளியால் உடைத்தோம். இயந்திரச் சுத்தியல் வைத்தால் அதிர்ச்சி அந்த மூன்று மில்லிமீட்டர் விளிம்பையும் உதிர்த்திருக்கும். உள்ளே மரம் இல்லை. கறுத்த நாரும் கரையான் மண்ணும்தான் இருந்தன. நல்ல மரம் தரைக்கு மேல் ஏழு அங்குலத்தில் தொடங்கியது.

ஜாக்கியை அரை நாளுக்கு ஒரு நூல் என்ற அளவில் ஏற்றினோம். நாலு நூலை ஒரே மூச்சில் தூக்கிவிடலாம். ஆனால் பல வருடம் கோணலில் பழகிய இணைப்புகள் உடையும். இரண்டாம் நாள் மாலை முதலாம் பலகையில் ரசமட்டக் குமிழி நடுவுக்கு வந்தது.

பழைய பாதக்கல் தன் இடத்திலேயே அசையாமல் இருந்தது. அதன்மேல் இன்னொரு கருங்கல் துண்டைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்தோம்; இப்போது கல்லின் தலை டைல்ஸ் மட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கிறது. அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, பழைய தேக்கில் புதிய பாதம் செய்து, 14 அங்குல நீளத்துக்கு அரைக்கு அரை வெட்டி ஒன்றோடொன்று படியவைத்து, எபாக்சி பசையும் நான்கு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் கொடுத்தோம். ஒரு சிறு குறிப்பு: தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்த முகத்தைத் தின்னரால் துடைத்து, உடனே பசை தடவாவிட்டால் ஒட்டு நிற்காது. பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத்தகடு வைத்தோம். பாதம் முன்னால் வழுக்காமலிருக்க எஃகு முளை ஒன்று கல்லிலிருந்து மரத்துக்குள் ஏறுகிறது. சுவர்ப் பக்கத்துப் பாதமும் ஓரத்தில் மெத்தென்று இருந்ததால் அதற்கும் இதே சிகிச்சை.

கரையானுக்கு உரிமம் பெற்ற ஆளை வைத்து மருந்து விட்டோம். சுவரும் தரையும் சேரும் கோட்டில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டுச் செலுத்தும் முறை. மரத்தின்மேல் மட்டும் தெளித்துவிட்டுப் போவது பயனில்லை. கரையான் மண்ணிலிருந்து வருகிறது.

அடுத்தது இழுத்துக் கட்டுவது. கழுந்துகளை முன்போலவே செய்ய வேண்டும் என்று தச்சர் ஆசைப்பட்டார். எனக்கும் ஆசைதான். அதற்குப் படியை முழுவதும் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஆணி அடித்துப் பிளந்த எத்தனை நுனிகள் கையோடு வரும் என்று சொல்ல முடியாது. கடைசியில் 10 மில்லிமீட்டர் எஃகு மரைக்கம்பிகள் மூன்றை, பழைய கழுந்துகளுக்கு நேர் கீழே, படிப்பலகைகளின் அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்தினோம். சுவர்ப் பக்கத்தில் அந்தப் பழைய தச்சர்கள் விட்டுவைத்த இரண்டு அங்குல இடைவெளி இல்லையென்றால் அந்தப் பக்கத்து நட்டைப் பிடிக்கவே முடிந்திருக்காது. அதை நினைத்து அவர்களுக்கு நன்றி சொன்னேன்.

நட்டை முறுக்குவதற்கு முன் காடிகளைச் சுத்தம் செய்ததில் இரண்டு நாள் போனது. பழைய ஆணிகள், உடைந்த ஆப்புத் துணுக்குகள், யாரோ நிரப்பிய புட்டி, பல வருடத்துப் புழுதி. இதில் ஒன்று மிச்சமிருந்தாலும் பலகை திரும்பி உள்ளே வராது. பிறகு மூன்று நட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கினோம். மூன்று நூல் வளைவு இரண்டரை நாளில் அரை நூலுக்கு வந்தது. அந்த அரை நூலை விட்டுவிட்டோம். ஆறாம் பலகை மட்டும் நுனிவரை பிளந்திருந்ததால், புதிய பலகை இழைத்துப் பின்பக்கத்திலிருந்து காடிக்குள் தள்ளினோம்.

ஆப்புகளை அந்த வீட்டின் கழித்துப்போட்ட ஜன்னல் கதவிலிருந்து வெட்டினார் தச்சர். பச்சை மரத்தில் ஆப்புச் செய்தால் உலரும்போது சுருங்கி, அடுத்த கோடையிலேயே கழன்றுவிடும். முன்பு ஒருவர் அடித்த ஆப்புகள் விரலால் எடுக்க வந்ததற்கு அதுவே காரணம். பசை தடவலாமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி. மரம் ஐப்பசியில் ஊதும், சித்திரையில் ஒடுங்கும். ஒட்டிவிட்டால் பிறகு தட்ட முடியாது” என்றார். அவர் சொன்னபடியே காய்ந்த ஆப்பு, பசையில்லாமல், கொட்டாப்புளியால் அடித்து, அசையாமலிருக்க ஒரு சிறு திருகாணி.

மேலே பழைய பட்டைகளை எடுத்துவிட்டு, இரும்புக் கோணங்களை உத்திரத்தில் ஊடுருவும் போல்ட்டுகளால் பிணைத்தோம். துளைகளை உத்திரத்தின் உயரத்தில் நடுப்பகுதியில் போட்டேன். வளையும் உத்திரத்தில் அடிவிளிம்புதான் இழுபடுகிறது. அங்கே துளையிட்டால் உத்திரத்தின் வலுவைக் குறைக்கிறோம். கைப்பிடியின் இரண்டு கால்களையும் இறுக்கியதோடு வேலை முடிந்தது.

சோதனையும் மிச்சமும்

ஐந்தாம் படியிலிருந்து எட்டாம் படிவரை ஒவ்வொன்றிலும் ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று வைத்து ஓர் இரவு விட்டோம். அடியில் முட்டுகளை ஒட்டினாற்போல் பாதுகாப்புக்கு வைத்திருந்தோம். எடை அவற்றில் இறங்கவில்லை. காலையில் நூல் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. வேலைக்கு முன் நான் ஒருவன் ஏழாம் படியில் நின்றாலே பலகை கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் போயிற்று. காகிதப் பட்டைகளை மறுபடி ஒட்டி நாலு பேர் ஏறி இறங்கினோம். ஒன்றுகூடக் கிழியவில்லை.

சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. முதல் படியின் உயரக் குறைவு. அதை நேராக்க, பன்னிரண்டு படிகளின் காடிகளையும் இரண்டு பக்கமும் புதிதாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் கூடம் முழுவதும் தரையை உடைக்க வேண்டும். முதல் பலகையின் விளிம்பில் வெள்ளைக் கோடு இட்டு, நேர் மேலே ஒரு விளக்குப் போட்டிருக்கிறோம். இது எனக்கு நிறைவான விடை இல்லை. பழைய வீட்டில் தரையை உயர்த்த நினைப்பவர்கள், டைல்ஸ் வாங்கும் முன் படியின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரும்புப் படி வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் தேடலாம். அங்கே பாதத்தகடும் அதைப் பிடிக்கும் நங்கூர போல்ட்டும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அதனால் அடியில் உள்ள காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மேலே பெயிண்டு அடித்தால் அது நிற்காது. காங்கிரீட் படியில் ஆட்டமோ, சுவரோடு சேரும் இடத்தில் புதிய விரிசலோ தெரிந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் வேலையே இல்லை. வழியை மூடிவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

மழைக்காலம் ஒன்று கடந்து, சித்திரையில் தச்சரோடு மறுபடி போனேன். நாலாம், ஒன்பதாம் படிகளின் ஆப்புகள் தட்டினால் லேசாக இறங்கின. நடுக் கம்பியின் நட்டு கால் சுற்று வாங்கியது. பாதத்தில் திருப்புளி ஒரு நூல்கூட இறங்கவில்லை. கல் உலர்ந்து கிடந்தது. நாங்கள் படிக்கு அடியில் இருந்தபோதே அத்தை வடாம் மாவுச் சட்டியோடு தலைக்கு மேலே ஏறிப் போனார். தச்சர் ஆறாம் பலகையின் அடியில் பென்சிலால் அன்றைய தேதியை எழுதி, நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஓர் அம்புக்குறியும் போட்டார்.